துணிக் கயாக்குக்கு என்ன பூசுவது: றெசினா, தாரா, எனாமலா?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ரீப்பைச் சட்டங்களை நைலோன் நூலால் கட்டி, மேலே பருத்திக் கான்வஸை இழுத்துத் தைத்து, பதினைந்து அடியளவில் ஒரு கயாக், அதாவது ஒடுங்கிய துடுப்புப் படகு, செய்திருக்கிறார். இனித் துணிக்குள் தண்ணீர் புகாமல் அடைத்து நிறம் பூச வேண்டும். மாமாவின் பட்டறையில் பைபர் படகு வேலைக்கு வாங்கிய றெசின் மிச்சம் கிடக்கிறது, அதைப் பூசலாமா என்று கேட்கிறார். கூட்டாளி ஒருவர் தார் பூசச் சொல்கிறாராம், இன்னொருவர் வீட்டுச் சுவருக்குப் பூசும் பெயின்ற் போதும் என்கிறாராம். எது சரி, எத்தனை பூச்சு, என்ன நிறம்?

றெசினை மாமாவிடமே விட்டுவிடுங்கள். பருத்திக் கான்வஸுக்கு நல்ல எண்ணெய் எனாமல், மெல்லிய பூச்சாக நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒழுங்காகக் காயவிட்டு. பதில் அவ்வளவுதான். ஆனால் இதிலும் ஆட்கள் சறுக்குகிறார்கள், ஏனென்றால் எந்த ரின் வாங்குவது என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த ரின்னுக்குள் இருப்பது துணியோடு சேர்ந்து வளையுமா, திருகோணமலைக் காற்றில் அடிவரை காயுமா என்ற இரண்டையும் யோசிக்காமலே பிரஷைத் தூக்கிவிடுகிறார்கள். விலை கூடின பெயின்ற் இந்த இரண்டிலும் தோற்றால் மலிவான பெயின்றைவிடக் கேவலமாகப் போகும்.

றெசின் ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். துணிக் கயாக் ஓரிடத்தில் விறைத்து நிற்கிற சாமான் இல்லை. அலையில் ஏறி இறங்கும்போது சட்டமே கொஞ்சம் முறுகும், ஒரு ரீப்பைக்கும் அடுத்த ரீப்பைக்கும் நடுவில் துணி உள்ளே அமுங்கி வெளியே வரும், கரையில் இழுக்கும்போது இன்னும் கூட நெளியும். பொலியெஸ்டர் றெசின் காய்ந்தபின் அவ்வளவு நெளிவைத் தாங்காது. பைபர் படகில் அது உடையாமல் நிற்பது உள்ளே போடும் கண்ணாடி நார் விரிப்பினால். சுமையை நார் தாங்கும், றெசின் அந்த நாரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பருத்தி அந்த வேலையைச் செய்யாது. அது றெசினைக் குடிக்கும், குடித்துக்கொண்டேயிருக்கும், படகின் பாரம் ஏறும், பிறகு முதல் நாள் ஓட்டத்திலேயே ரீப்பைகளின் விளிம்பு நெடுக மயிரிழை வெடிப்புகள் விழும். வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீரைப் பருத்தி நூல் உறிஞ்சி நெடுகக் கொண்டுபோய், மேலே பளபளப்பாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே அடியில் உக்கும். அதற்கு மேலே இன்னொரு கை றெசின் பூசி அடைக்கலாம் என்று நினைப்பீர்கள், பாரம்தான் கூடும்.

தார் சொன்ன கூட்டாளியைச் சிரிக்க வேண்டாம், அது பைத்தியக்கார யோசனை இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கரக் என்ற படகுக்கு ஒரு காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள், பின்னர் கான்வஸும் தாரும் வந்தன, இன்றுவரை அப்படியே கடலில் ஓடுகின்றன. ஒகேனக்கல்லில் மூங்கிலால் முடையும் பரிசலுக்கும் அதே கதைதான், தோல் போய்ப் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. தார் நெளியும், தண்ணீரை விடாது, மலிவு. பிரச்சினை நம் வெயில். வைகாசி, ஆனி மாதத்து மத்தியானத்தில் கறுப்புத் தார் இளகிக் கையிலும் காற்சட்டையிலும் ஒட்டும், வாகனத்தின் மேல் கட்டிக்கொண்டு போனால் கூரையில் ஒட்டும், கரை மணல் முழுக்க அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அதைவிடப் பெரிய தலையிடி, ஒருமுறை தார் ஏற்றிய துணிக்கு மேலே வேறு நிறம் பூச முடியாது. எனாமலில் உள்ள கரைப்பான் தாரைக் கரைத்து மேலே இழுத்துவர, வெள்ளை பூசினால் கபில நிறத் திட்டுகள்தான் மிஞ்சும். ஆற்றோட்டத்துக்கு மட்டும் என்றால் சரி, உங்கள் வேலைக்கு வேண்டாம்.

சுவர் பெயின்ற் என்று சொன்னவர் பாதி சரி. வெளிச்சுவருக்குப் பூசும் அக்ரிலிக் பெயின்ற் பருத்தியை நன்றாகப் பிடிக்கும், காய்ந்தபின் எனாமலைவிட நன்றாகவே இழுபடும், மணம் குறைவு, பிரஷைத் தண்ணீரில் கழுவலாம். குறை என்னவென்றால், அது தண்ணீரில் தொடர்ந்து கிடந்தால் மெதுவாக மெதுமைப்படும், காய்ந்து வாரக்கணக்கானாலும் ஒரு பரப்பு இன்னொன்றில் அமுங்கினால் ஒட்டிக்கொள்ளும், அதனால் தாங்குகட்டைமேல் வைத்த இடத்தில் உரிந்து வரும். மணலில் உராய்வதையும் எனாமல் அளவுக்குத் தாங்காது. கயாக்கை ஓட்டிவிட்டு உடனே வீட்டுக்குத் தூக்கிப்போய் நிழலில் வைக்கிறவருக்கு இது போதும், பிள்ளைகளோடு செய்து பழகும் முதல் படகுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பூசிய பின் இரண்டு மூன்று வாரம் காயவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் பூசும் ரப்பர் மாதிரியான பூச்சைச் சிலர் கேட்கிறார்கள், அது தடிப்பு, பாரம், சிப்பி கிழித்தால் தோலாக உரியும். விட்டுவிடுங்கள்.

உண்மையில் துணிப் படகுக்கு மிகப் பொருத்தமானது ரப்பர்தான். ஒஸ்கார் ஸ்பெக் என்ற ஜேர்மானியர் 1932 இல் டனூப் ஆற்றில் ஒரு மடிப்புக் கயாக்கை இறக்கி, பாரசீகக் கரை, இந்தியா, இலங்கை, பர்மா என்று கரையோரமாகவே வலித்துக்கொண்டு போய் 1939 இல் அவுஸ்திரேலியாவின் வட எல்லைத் தீவொன்றில் ஏறினார். அந்தப் படகின் தோல் ரப்பர் ஏற்றிய கான்வஸ். ஆனால் துணியில் ரப்பர் ஏற்றுவது தொழிற்சாலை வேலை, வீட்டு விறாந்தையில் செய்யக்கூடியதில்லை, ஆகவே எனாமலுக்கே வருவோம்.

(நைலோன், பொலியெஸ்டர் துணி போர்த்தியவர்கள் இதை வாசித்தால் ஒரு வார்த்தை. நைலோன் நனைந்தால் தளரும், காய்ந்தால் இறுகும், பருத்திக்கு நேர் எதிர். அவ்வளவு ஆடும் துணியில் எனாமல் நிற்காது. அதற்கு இரண்டு பாகமாகக் கலக்கும் பொலியூரித்தேன்தான். அதில் ஒரு பாகம் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பிப் பூச்சு முழுக்க நுண்குமிழி போடும், அதனால் மழைக்காலத்தில் அந்த ரின்னைத் திறக்கவே வேண்டாம், அதன் ஆவி மூச்சுக்குழாயைக் கெடுக்கும், அதற்கென்றே உள்ள வடிகட்டி முகமூடி இல்லாமல் தொடவும் வேண்டாம். பொலியெஸ்டர் தண்ணீர் குடிக்காது, ஆனால் சூட்டில் சுருங்கும்: தைத்து முடித்தபின் அயன் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துத் துண்டுத் துணியில் சோதித்துவிட்டு, இடமும் வலமும் மாறி மாறித் தேய்த்தால் மத்தளம்போல இறுகும். அதற்கு எண்ணெயில் செய்த பொலியூரித்தேன் வார்னிஷ் நன்றாக நிற்கும், முதல் பூச்சை மட்டும் மிக மெல்லிதாக, நெசவுக்குள் இறங்கும்படி.)

சரி, உங்கள் கான்வஸ். கடையில் வாங்கிய துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். உப்புவெளி, டச்குடாப் பக்கம் வீடு என்றால், வெளியில் நின்ற சில நாளிலேயே உப்பும் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நக்கிப் பார்த்தால் தெரியும். அந்த உப்பு பூச்சுக்கு அடியில் அகப்பட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும், பிறகு கொப்புளம் கிளம்பும். ஆகவே முதலில் படகு முழுவதையும் நல்ல தண்ணீர் ஊற்றி மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். இதில் இன்னொரு லாபம் உண்டு. பருத்தி நனைந்தால் நூல் பருத்து, நெசவு இறுகி, துணி சுருங்கும். நனைந்து இறுகிய நேரத்திலும் எங்காவது தொளதொளவென்று இருந்தால் அங்கே தையல் போதாது. பிரித்து இழுத்துத் தைக்க வேண்டிய நேரம் அதுதான், பெயின்ற் பட்டபின் ஊசி இறங்காது, இறங்கினாலும் ஓட்டை மூடாது. காயும்போது கொஞ்சம் திரும்பத் தளரும், ஆனால் முன்பிருந்த அளவுக்குத் தளராது.

படகுத் தளத்துக்குக் கான்வஸ் ஒட்டிய பழைய தச்சர்கள் துணி ஈரமாக இருக்கும்போதே பூசுவார்கள், ஈரம் நூலை நிரப்பியிருப்பதால் பெயின்ற் உள்ளே ஓடிப்போகாமல் மேலேயே நிற்கும் என்பது கணக்கு. குளிர் நாட்டில் அது சரிவரலாம். இங்கே பூசி ஒரு மணி நேரத்தில் வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, பாதி காய்ந்த எனாமலைத் தூக்கிவிடும். என் கட்சி, நன்றாகக் காயவிட்டுப் பூசுவது. பெயின்ற் உள்ளே ஓடுவதைத் தடுக்க வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பூச முன் இன்னொன்றையும் பாருங்கள். துணி போர்த்த முதல் சட்டத்துக்கு எண்ணெய் பூசியிருப்பீர்கள். ஆளிவிதை எண்ணெய் என்றால் பயமில்லை, அது காற்றுப்பட்டு இறுகும். தேங்காயெண்ணெயோ இலுப்பெண்ணெயோ என்றால் அது எக்காலத்திலும் காயாது, துணியில் ஊறிய இடத்தில் எனாமலும் காயாமல் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். ரீப்பை போகும் வழியில் துணிமேல் மங்கலான எண்ணெய்க் கோடு தெரிந்தால் டர்பன்டைனில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து எடுங்கள். பழைய வள்ளங்களுக்குச் சுறா எண்ணெய் பூசினார்களே என்று யாராவது சொல்லலாம்; பூசினார்கள், மரத்துக்கு, மேலே வேறு எதையும் பூசாமல். வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றியதும் நூல் உக்காமல் இருக்கத்தான், தண்ணீர் தடுக்க இல்லை.

இனி முதல் பூச்சு. இதில்தான் படகின் ஆயுள் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வாங்க வேண்டியது மினுக்கமான எண்ணெய் எனாமல், முதல் பூச்சிலிருந்தே அதுதான். மினுக்கம் இல்லாத பெயின்றில் தூள் கூட, பிணைக்கும் பசை குறைவு, அதனால் நெளியும்போது முதலில் வெடிப்பது அது. சுவருக்கும் கதவுக்கும் அடிப்பூச்சாகப் பூசும் வெள்ளை அண்டர்கோட், பட்டி எல்லாவற்றுக்கும் அதே குறை. கடைக்காரர் "அடிப்பூச்சு இல்லாமல் எப்படித் தம்பி?" என்று கேட்பார், சிரித்துவிட்டு வாருங்கள். முதல் பூச்சில் மட்டும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் கலக்கலாம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நெளிவு கூடும், காயும் நேரமும் கூடும்.

தின்னர் ஊற்றித் தண்ணியாக்கி முதல் பூச்சைப் பூசச் சொல்பவர்கள் மரத்தை நினைத்துச் சொல்கிறார்கள். கான்வஸில் தண்ணியான பெயின்ற் துணியை ஊடுருவி, உட்பக்கம் துளி துளியாகத் தொங்கிக் காயும், வெளியே நெசவு ஓட்டைகள் அப்படியே திறந்திருக்கும். ரின்னில் இருக்கும் தடிப்பிலேயே எடுத்து, கட்டையான மயிர் உள்ள பிரஷால் நாலு பக்கமும் தேய்த்து உள்ளே ஏற்றுங்கள், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சுரண்டியால் (காலாவதியான வங்கி அட்டையும் நல்ல சுரண்டிதான்) மேலே நிற்பதை வழித்து எடுத்து அடுத்த இடத்துக்குத் தள்ளுங்கள். அந்தப் பூச்சு முடிந்தபின் துணி நிறம் மாறியிருக்கும், ஆனால் நெசவு முழுக்கத் தெரியும், மினுக்கம் இருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். உட்காரும் வாய் வழியாகக் கையை விட்டு உட்பக்கம் தடவினால் நூலின் முதுகில் லேசாக ஈரம் தட்டலாம், சொட்டக் கூடாது.

அளவு கேட்பீர்கள். பதினைந்து அடிக் கயாக்கின் மேலும் கீழும் சேர்த்து ஏறத்தாழ 4 முதல் 5 சதுர மீற்றர் வரும். முதல் பூச்சு ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும், பிறகு ஒவ்வொன்றுக்கும் அதில் பாதி போதும், ஆக மூன்று லீற்றருக்குள் வேலை முடியும். அதில் பாதிக்குக் கிட்ட ஆவியாகப் போய்விடும், படகில் தங்குவது இரண்டு கிலோ அளவு. அதற்கு மேல் பூசிக்கொண்டே போவதில் லாபம் இல்லை, தடித்த எனாமல் மெல்லிய எனாமலைவிட முன்னதாக வெடிக்கும்.

முதல் பூச்சு காய்ந்ததும் துணியில் பிசிறு குத்திட்டு நிற்கும், கையை வைத்தால் தாடி மாதிரிச் சொரசொரக்கும். நுண்ணிய சாண்ட்பேப்பரால் மேலோட்டமாக ஒருமுறை தட்டி எடுங்கள், அழுத்த வேண்டாம். குறிப்பாக ரீப்பை போகும் கோட்டில் கையே வைக்க வேண்டாம், ஏனென்றால் துணி அங்கேதான் புடைத்து நிற்கிறது, அடியில் மரம் தாங்குகிறது, நீங்கள் பிசிறு என்று நினைத்துத் தேய்ப்பது நூலாகவே இருக்கும். பிறகு கடற்கரையில் முதலில் தேய்ந்து கிழியும் இடமும் அதுவேதான்.

தையலுக்கு இந்த நேரத்தில்தான் வேலை. இரண்டாம் பூச்சுக்கு முன் தையல் நெடுகிலும், வாய்வளையத்தைச் சுற்றிலும், முன்னும் பின்னும் துணி மடிந்து சேரும் முனைகளிலும் பொலியூரித்தேன் சீலன்ற்றை மெல்லிய கோடாக இட்டு, விரலைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து அழுத்தி வழித்துவிடுங்கள். சிலிக்கோன் ரியூப் வேண்டவே வேண்டாம். குளியலறைக்கு நல்லதுதான், ஆனால் அதன்மேல் எந்தப் பெயின்றும் பிடிக்காது, ஒருமுறை பட்ட இடத்தில் துடைத்தாலும் பிடிக்காது. அடியில், நடுமரம் போகும் கோட்டிலும் இரண்டு பக்க விளிம்பு ரீப்பைகளிலும் மூன்று விரல் அகலத்தில் கான்வஸ் பட்டி வெட்டி, ஈரமான எனாமலில் பதித்து, மேலேயும் எனாமல் ஏற்றி அமத்திவிட்டால் தேய்மானத்தை அந்தப் பட்டி வாங்கிக்கொள்ளும். புறாமலைக்குப் போகும் யோசனை இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள், அந்தத் தீவின் கரையில் பாதி மணல், பாதி செத்த பவளத் துண்டுகள், துணிப் படகை அதில் இழுப்பது அரத்தில் இழுப்பதுதான். தண்ணீரிலேயே இறங்கித் தூக்கிக்கொண்டு ஏறுங்கள்.

இரண்டாம், மூன்றாம், நான்காம் பூச்சுகளுக்குச் சொல்ல அதிகம் இல்லை. மெல்லிதாக, நீளவாக்கில், ஓட்டம் விழாமல். ஆனால் நாளும் நேரமும் பார்த்துப் பூசுங்கள். எனாமல் காய்வது இரண்டு கட்டம்: முதலில் கரைப்பான் பறக்கும், பிறகு அதில் உள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து இறுகும். உச்சி வெயிலில் பூசினால் மேலே உடனே ஆடை கட்டிவிடும், அடிக்குக் காற்றுப் போகாது, தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். அதன்மேல் அடுத்த பூச்சைப் பூசினால் அந்த மெத்தை நிலை நெடுநாளைக்கு அப்படியே அகப்பட்டுக் கிடக்கும், பின்னர் மேலே சுருக்கம் விழும். மழைக்காலத்தில் வேறு மாதிரி, ஈரக் காற்றில் மினுக்கம் மங்கிப் பால் படிந்ததுபோல் வரும், காய்வதும் இழுபடும். ரின்னில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை இங்கே அப்படியே நம்ப வேண்டாம். உட்காரும் வாய்க்குள் தலையை விட்டு மணந்து பாருங்கள், தின்னர் வாசம் இன்னும் மூக்கில் ஏறினால் துணிக்குள் இருப்பது காயவில்லை.

திருகோணமலையில் ஐப்பசிப் பிற்பகுதியிலிருந்து தை வரை வாடை மழை, அந்த மாதங்களில் தைக்கலாம், சட்டம் கட்டலாம், பூச வேண்டாம். மாசி, பங்குனி எனக்குப் பிடித்த காலம், காற்று உலர்ந்தது, தூசி குறைவு. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் வேகமாகக் காயும், ஆனால் ஊர்த் தூசி முழுக்க உங்கள் படகில் வந்து குந்தும்; அப்போது பூசுவதென்றால் மூன்று பக்கம் மறைத்த கொட்டகைக்குள் நிலத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பூசுங்கள். நாளில், பனி ஈரம் போனபின் காலை எட்டு ஒன்பது மணிக்குத் தொடங்கி, நிழலில், மத்தியானத்துக்குள் முடிப்பது நல்லது, இரவு ஈரம் இறங்குமுன் மேற்பரப்பு பிடித்திருக்கும். வெளியில் காயவைத்தால் ஆட்டையும் மாட்டையும் மட்டும் யோசித்தால் போதாது, கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியெல்லாம் உலாவுகிற ஊர் இது, ஈரப் பெயின்றில் முதுகு தேய்க்க அவற்றுக்கு ஒரு மனத்தடையும் இல்லை. ஒரு பூச்சுக்கும் மற்றதற்கும் இடையில் படகு கடற்காற்றில் நின்றிருந்தால் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிட்டுப் பிறகு பூசுங்கள், உப்பு எந்தப் பூச்சுக்கு அடியில் இருந்தாலும் உப்புத்தான்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் எறிந்துவிட்டுப் போனால் அவை தாமாகவே தீப்பற்றும். எண்ணெய் ஒட்சிசனோடு சேரும்போது சூடு கிளம்புகிறது, குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஓலைக் கொட்டிலுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு வேறு சொல்லத் தேவையில்லை. ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

மூன்றாம் பூச்சு காய்ந்த இரவில் ஒரு சோதனை. விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, வயரில் கட்டிய ஒரு பல்பையோ நல்ல டோர்ச்சையோ கயாக்குக்குள் விட்டு மெதுவாக முனை வரை நகர்த்துங்கள், வெளியே இன்னொருவர் நின்று பார்க்கட்டும். மூடாத ஓட்டை ஊசிமுனையாக மின்னும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்து, காலையில் அந்த இடங்களில் மட்டும் எனாமலைக் குத்திக் குத்தி ஏற்றிவிட்டு, பிறகு நான்காம் பூச்சு. உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பதை நான் சொல்வதில்லை, அந்தப் பாரம் காற்றில் நிற்கும் சட்டத்தின் கட்டுகளை இழுத்துத் தளர்த்திவிடும். கடைசிப் பூச்சுக்குப் பின் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள், நகம் பதியாத நிலைக்கு வந்தபின் இறக்குங்கள்.

நிறம் உங்கள் விருப்பம், ஆனால் அதிலும் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கறுப்பும் கடும் நீலமும் படத்தில் அழகு, வெயிலில் துணியைச் சுட்டுப் பூச்சை வேகமாக விறைக்க வைக்கும். வெள்ளை குளிர்ச்சி, வெள்ளைப் பெயின்றில் உள்ள தைத்தேனியம் தூள் வெயிலின் ஊதாக்கதிரைத் துணிக்குப் போகவிடாமல் தடுக்கிறது, ஆனால் நுரை எழும் கடலில் வெள்ளைப் படகு யார் கண்ணிலும் படாது. கொட்டியாரக் குடாவில் மூதூர்ப் பக்கமிருந்து வேகமாக வரும் பைபர் படகின் அணியம் (முன்முனை) தூக்கியபடி இருக்கும், ஓட்டுகிறவருக்கு முன்னால் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும் கயாக் தெரிய வேண்டுமானால் மேல்பக்கம் மஞ்சளோ செம்மஞ்சளோ வேண்டும். அடிக்கு வெள்ளையோ வெளிர் சாம்பலோ போதும். மேல்தளத்தில் உங்கள் கண்ணுக்கு நேரே வரும் பகுதிக்கு மட்டும் கடைசிப் பூச்சை மினுக்கம் இல்லாததாகப் பூசுங்கள், கூசாது. பாசி தடுக்கும் கடல் பெயின்ற் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், அது தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு, நஞ்சும்கூட.

பூச்சோடு சேராத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. இந்தப் படகுக்குள் தடுப்பறை எதுவும் இல்லை, கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினால் உங்களைத் தாங்காது. முன்னும் பின்னும் காற்றுப் பையோ, மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் போத்தல்களை நிரப்பிய சாக்கோ கட்டி அடைத்துவிடுங்கள், உயிர்காப்பு அங்கி போடுங்கள். உட்துறைமுகப் பக்கம் வலிப்பதென்றால் கடற்படையின் எல்லை எது என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, கவிழ்த்து இரண்டு தாங்குகட்டையில் நிழலில் வைத்து, வாயைத் திறந்தே விடுங்கள். மேலே படங்கை இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், பருத்தியைக் கொல்வது கடலைவிடப் பூஞ்சணம்தான், அது வருவது பெயின்ற் இல்லாத உட்பக்கத்திலிருந்து. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து ஒரு மெல்லிய பூச்சு போதும், ஒவ்வொரு சீசனுக்கும் புதுப் பெயின்ற் ஏற்றுகிற ஆசையை அடக்குங்கள். மிஞ்சிய எனாமலைக் காற்று இல்லாதபடி சின்னப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடி, ஒரு முழம் கான்வஸ் துண்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிப்பி கீறிக் கிழித்தால் சுற்றியுள்ள பூச்சைச் சுரண்டி, காயவிட்டு, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டிய துண்டை அதே எனாமலில் பதித்து மேலே இரண்டு பூச்சு பூசினால் சரி. கடலில் வைத்துக் கிழிந்தால் ஒட்டுப் பட்டி ஈரத்தில் பிடிக்காது, கரைக்கு வந்து துடைத்துக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், அதனால் ஒரு காய்ந்த துவாயும் பையில் இருக்கட்டும்.